கரண்டு இஞ்சினுக்கு ஏது சத்தம்?

அறிவியல் கண்காட்சியில் இயற்பியல் ஆய்வகத்தின் மூலையில் சிவப்பு நிறத்தில், வெளிர் மஞ்சள் பட்டை போட்ட ரயில் இஞ்சின் ஒண்ணு ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? அதைச் செய்தது நான்தான். பார்த்தவங்களில் பாதிப் பேர் கேட்ட கேள்விதான் மேலே தலைப்பா இருக்கு.

நிலக்கரி இஞ்சின்னா 'குப் குப்'. டீசல் இஞ்சின்னா 'தடதட'. கரண்டு இஞ்சின் பாட்டுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும், அதுக்கு எதுக்கு ஸ்பீக்கர், மெமரி கார்டு எல்லாம்? நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் தமிழய்யாவிடம் இரண்டு தாள் கேட்டு வாங்கி எழுதறேன். (எழுத்து பொடிசா இருக்கும், கொஞ்சம் கிட்ட வந்து படிங்க.)

நம்ம ஈரோடு ஜங்ஷனுக்கு எல்லாரும் போயிருப்போம். அடுத்த தடவை போனா வண்டியின் பெட்டியைத் தேடி ஓடாம, பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் போய் நின்னுட்டிருக்கிற இஞ்சின் பக்கத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. (மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்! மேலே கம்பியில் ஓடறது 25,000 வோல்ட்.) அடியில் ஒரு 'ம்ம்ம்ம்' இருக்கும். அதுக்கு மேல பெரிய மின்விசிறி பத்து சேர்ந்து சுத்தற மாதிரி ஒரு இரைச்சல். நடுவில் திடீர்னு 'தபதபதப'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சு அதுவா நின்னுபோகும். அப்பறம் எங்கேயோ 'புஸ்'னு காற்று. சத்தமே இல்லாத இஞ்சின் இல்லைங்க அது. நாமதான் காது கொடுக்கறதில்லை.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது எங்க அப்புச்சி. ரயில்வேயில் லோகோ பைலட்டா இருந்து 2012-ல் ஓய்வு பெற்றவர். முதலில் வாக்-5 சரக்கு இஞ்சின், பிறகு வாப்-4 பயணிகள் இஞ்சின் ஓட்டினார். இந்தப் பெயரில் முதல் எழுத்து டபிள்யூ அகலப் பாதையைக் குறிக்கும், ஏ என்பது ஏ.சி. மின்சாரம், கடைசி எழுத்து பி-யா இருந்தா பயணிகள், ஜி-யா இருந்தா சரக்கு. மேற்கு வங்காளத்தில் இருக்கிற சித்தரஞ்சன் தொழிற்சாலையில் வாப்-4 செய்யறதை 2015-ல் நிறுத்திட்டாங்க. அதனால் அந்தச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுக்கிட்டுத்தான் வரும்.

அப்புச்சிக்கு இப்போ காது சரியா கேட்கறதில்லை. வருஷக்கணக்கா இஞ்சினுக்குள்ளேயே இருந்தவர். காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம், 'கீ'ன்னு கத்துதுன்னு கழட்டி அலமாரியில் வெச்சுட்டார். வீட்டில் நாலு பேர் பேசும்போது சும்மா தலையாட்டிக்கிட்டு இருப்பார், பாதியில் எழுந்து திண்ணைக்குப் போயிடுவார். ஆனா இஞ்சின் பேச்சை எடுத்தா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு பக்கத்தில் வந்து உட்காருவார். அதனாலதான் நான் வாப்-4 செய்யணும்னு முடிவு பண்ணினதே. பார்க்கிறதுக்கு மட்டுமில்லை, அவருக்குக் கேட்கணும்.

முதலில் உடம்பு. நிஜ வாப்-4 சுமார் 18.8 மீட்டர் நீளம். நாற்பதில் ஒரு பங்குன்னு கணக்கு வெச்சா 47 சென்டிமீட்டர். சன்போர்டு அட்டை வெட்டி, பெவிகால் போட்டு, பெயிண்ட் அடிச்சேன். நிஜ எடை சுமார் 113 டன். நீளம் 40 மடங்கு குறைஞ்சா எடை 40 x 40 x 40, அதாவது 64,000 மடங்கு குறையும். ஒண்ணே முக்கால் கிலோ வருது! என் இஞ்சினும் பேட்டரியோட சேர்த்து கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். எல்லாத்தையும் 40 மடங்கு சுருக்கினா சத்தத்தையும் சுருக்கணுமா? பதினோராம் வகுப்பு அலைகள் பாடத்தில் குழாயின் நீளம் குறைஞ்சா அதிர்வெண் கூடும்னு படிக்கிறோம். ஒரு ஹாரன் 300 ஹெர்ட்ஸில் ஒலிக்குதுன்னு வெச்சுக்கங்க. அதை 40 மடங்கு சின்னதா செஞ்சா 12,000 ஹெர்ட்ஸ், கொசு மாதிரி கத்தும்! அதனால் உருவத்தைச் சுருக்கலாம், சத்தத்தின் ஸ்தாயியைச் சுருக்கக் கூடாது. நேரத்தையும் சுருக்கக் கூடாது. நிஜத்தில் ஐந்து வினாடி ஆகும்னா பொம்மையிலும் ஐந்து வினாடிதான்.

வெளிநாட்டில் இதுக்கெல்லாம் ரெடிமேடா பலகை விற்கிறாங்க. தண்டவாளத்தின் வழியாவே மின்சாரத்தோட டிஜிட்டல் கட்டளையும் அனுப்பற முறை ஒண்ணு 1990-களில் வந்தது. ஜெர்மனியில் லென்ஸ் என்ற கம்பெனி உருவாக்கினதை வெச்சு அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் அதைத் தரப்படுத்திச்சு. இஞ்சினுக்குள் இருக்கிற நகம் அளவு பலகை, நிஜ இஞ்சினில் பதிவு செய்த சத்தத்தை வாசிக்கும். மோட்டார் சுத்தும்போது அதுவே உண்டாக்குற எதிர் மின்னழுத்தத்தை அளந்து, ஏற்றத்தில் இழுக்குதா சும்மா உருளுதான்னு கண்டுபிடிச்சு சத்தத்தை மாத்தும். அருமையான வேலை! ஆனா நல்ல சத்தப் பலகை ஒண்ணு இங்கே வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தொட்டுடும். என்கிட்ட இருந்தது பொங்கல் காசு.

அதனால் ஆர்டுயினோ நானோ ஒண்ணு, டி.எஃப். பிளேயர்ங்கிற தபால்தலை அளவு பாட்டுப் பெட்டி இரண்டு, ரிலே ஒண்ணு, மஞ்சள் கலர் பி.ஓ. மோட்டார் இரண்டு, பழைய ரேடியோவில் கழட்டின ஸ்பீக்கர் இரண்டு. பாட்டுப் பெட்டி எதுக்கு இரண்டுன்னா, ஒண்ணு ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் வாசிக்கும். ஹாரன் அடிக்கும்போது விசிறி இரைச்சல் நின்னுபோனா இஞ்சின் மூச்சை நிறுத்தின மாதிரி ஆயிடும். அதனால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கர் விசிறிக்கு, முன்னாடி இருக்கிறது ஹாரனுக்கும் மத்ததுக்கும். நிஜத்திலும் அப்படித்தானே, ஹாரன் முன்னாலிருந்துதான் வரும். இன்னொரு விஷயம், எம்பி3 முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்கும்போது ஒரு சின்ன இடைவெளி விழும். அதனால் விசிறி இரைச்சலைப் பத்து நிமிஷம் ஓடற ஒரே கோப்பா வெச்சிருக்கேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழற துளி இடைவெளி யாருக்கும் தெரியாது.

பதிவு செய்யறதுக்கு அம்மாவோட போன். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட், மூணு ஞாயிற்றுக்கிழமை. அறிவிப்பு, டீக்காரர் குரல், ஒரு குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்துதான் வந்துச்சு. கம்ப்யூட்டர் லேபில் ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள் இருக்கு, அதில் நல்ல துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டினேன். டீக்காரர் குரலை மட்டும் அழிக்க மனசு வரலை, தனியா வெச்சிருக்கேன்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். சத்தம் கையில் இருந்தா போதாது, எது முதலில், எது பிறகுன்னு தெரியணும். அதை அப்புச்சிகிட்டத்தான் கேட்டேன். காதுகிட்ட போய்க் கத்திக் கேட்டதும் அவர் முகம் மாறினதைப் பார்க்கணுமே! திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, இல்லாத சுவிட்சை எல்லாம் போட ஆரம்பிச்சுட்டார்.

"மொதல்ல பேன்ட்டோ ஏறோணும் கண்ணு. 'புஸ்ஸ்…', அப்பறம் மேல கம்பியில 'டிக்'. அதோட புளோயர் ஓடிருமா? ஓடாது. டி.ஜே. போடோணும். 'டம்'முனு ஒண்ணு உளுகும் பாரு, இஞ்சின் பூராம் அதிரும். அப்பறம்தான் ஆர்னோ எந்திரிக்கும்."

டி.ஜே. என்பது இஞ்சினின் பிரதான சுவிட்ச். அது ஒரு பிரெஞ்சு வார்த்தையின் சுருக்கமாம். நம்ம ஊர் டிரைவர்கள் தினமும் பிரெஞ்சு பேசறாங்க! ஆர்னோ என்பது ஒத்தைக் கட்ட மின்சாரத்தை மூணு கட்டமா மாத்தற சுழலும் எந்திரம். 'ம்ம்ம்'னு மெல்ல ஆரம்பிச்சு ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அதுக்கப்புறம் முன்னாடியா பின்னாடியான்னு கைப்பிடியைத் திருப்பினா, மோட்டாரைக் குளிர வைக்கிற புளோயர்கள் ஒண்ணு, இடைவெளி, இன்னொண்ணு, இடைவெளி, இன்னொண்ணுன்னு வரிசையா எழும்பும். ஏன் ஒரே நேரத்தில் எழும்பக் கூடாதுன்னு கேட்டேன். "அத்தனையும் ஒண்ணா எந்திரிச்சா ஆர்னோ என்னாகும்? பந்தியில எல்லாத்தையும் ஒரே நேரத்துல உக்கார வெச்சுப் பாரு, தெரியும்"னார். இந்த விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படிச்சிருக்க முடியாது.

கம்ப்ரசர் சத்தத்தைப் பத்தி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கடையில் வாங்கற பொம்மைகளில் அது பாட்டுக்கு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். நிஜத்தில் அது கடிகாரம் பார்த்து ஓடாது. தொட்டியில் காற்றழுத்தம் 8 கிலோவுக்குக் குறைஞ்சா ஓட ஆரம்பிக்கும், 9.5 வந்ததும் நிற்கும். ஹாரனுக்கும் பிரேக்குக்கும் காற்றுதான் செலவாகுது. அதனால் என் ஆர்டுயினோவில் 'காற்று'ன்னு ஒரு எண் வெச்சேன். 9.5-ல் ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஹாரனுக்கும் 0.3 குறையும். 8-க்குக் கீழே போனா 'தபதபதப'. கண்காட்சியில் நீங்க எல்லாரும் மாத்தி மாத்தி ஹாரன் அடிச்சப்போ நடுவில் ஒண்ணு கத்திக்கிட்டே இருந்துச்சே, அதுக்குக் காரணம் நீங்கதான்!

வரிசை கிடைச்சாச்சு. ஆனா அப்புச்சிக்குக் கேட்கணுமே. அவருடைய காதுப் பரிசோதனைத் தாளை அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாங்க. அதில் ஒரு கோடு இருக்கும். 250, 500 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு ஓரளவு மேலேயே இருக்கு. 2000 தாண்டினதும் இறங்குது, 4000-ல் கிணற்றில் விழுந்த மாதிரி விழுது. ரொம்ப நாள் இரைச்சலில் வேலை செய்தவங்களுக்கு அந்த 4000 பக்கம்தான் முதலில் அடிபடுமாம். அதாவது அவருக்குக் கனமான சத்தம் கேட்கும், கூர்மையான சத்தம் கேட்காது. சின்ன ஸ்பீக்கரோ நேர் எதிர். கூர்மையா கத்தும், கனமான சத்தம் வரவே வராது. ஸ்பீக்கரால் முடிஞ்சது அவருக்கு முடியாது, அவருக்கு முடிஞ்சது ஸ்பீக்கரால் முடியாது. இரண்டு நாள் அந்தத் தாளை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டுக்கும் பொதுவா ஒரு இடம் இருக்கான்னு தேடினதில் கிட்டத்தட்ட 300-லிருந்து 1500 ஹெர்ட்ஸ் வரைக்கும் கிடைச்சது. ஸ்பீக்கரைச் சும்மா ஒட்டாம, பின்பக்கம் ஒரு மருந்து டப்பாவை வெச்சு எம்-சீல் போட்டு இறுக்கமா மூடினேன். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்று தள்ளும்போது பின்பக்கக் காற்று இழுக்கும். திறந்து விட்டா இரண்டும் கலந்து ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், அதிலும் கனமான சத்தம்தான் முதலில் போகும். மூடினதும் சத்தம் நல்லாவே கனத்துடுச்சு. ஐந்து ரூபாய் செலவில்லாத வேலை இது, வீட்டில் செய்து பாருங்க.

அப்படியும் அந்த அடிநாத 'ம்ம்ம்' வரலை. நம்ம மின்சாரம் ஒரு வினாடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அதிரும், ஆக 100 ஹெர்ட்ஸ். என் ஸ்பீக்கர் அதன் பக்கத்தில்கூடப் போகாது. இயற்பியல் ஆசிரியர்தான் ஒரு வழி சொன்னார். 300, 400, 500 ஹெர்ட்ஸ் மூணையும் சேர்த்து ஒலிக்க விட்டா, அவற்றுக்குப் பொதுவான 100-ஐ மூளையே போட்டு நிரப்பிக்குமாம். சின்ன ரேடியோவில் ஆம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாவே கேட்கறதும் இதனாலதானாம். ஆடாசிட்டியில் அந்த மூணு ஸ்வரத்தையும் உண்டாக்கி விசிறி இரைச்சலுக்கு அடியில் சேர்த்தேன். இல்லாத சத்தம் கேட்டுச்சு! எனக்கு இது இன்னும் மாயம் மாதிரிதான் இருக்கு.

டேப் சேஞ்சருக்கு மட்டும் பதிவே வேண்டாம்னு முடிவு பண்ணினேன். வாப்-4 வேகம் எடுக்கறது ஒரே இழுப்பில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் 32 படி இருக்கு. ஒவ்வொரு படி ஏறும்போதும் காற்றழுத்தத்தில் ஓடற ஒரு எந்திரம் 'டக்'குனு நகரும். அந்த 'டக்'கை ஸ்பீக்கரில் போட்டா பேனா மூடி விழுந்த மாதிரி இருக்கும். அதனால் ரிலேயை இஞ்சினின் அடிப்பலகையில் நேரா திருகி இறுக்கினேன். கீழே பலாப்பலகை. ரிலே அடிக்கும்போது பலகையும் சேர்ந்து அதிருது. வேகக் குமிழின் 0 முதல் 1023 வரைக்கும் உள்ள எண்ணை 32 பங்கா பிரிச்சு, ஒரு பங்கு தாண்டினா ஒரு 'டக்', மோட்டாருக்கும் ஒரு படி கூடுதல் வேகம். குமிழை யாராவது சட்டுனு திருகினாலும் அது ஒவ்வொரு படியாத்தான் ஏறும். "32-ஐ ஒரே மூச்சுல ஏத்துனா சக்கரம் வழுக்கீரும்"னு அப்புச்சி முன்னாடியே சொல்லிட்டார்.

மோட்டார் பத்தி ஒரு சின்ன கிளைக்கதை. ஆர்டுயினோ மோட்டாரின் வேகத்தைக் குறைக்கறது மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்துத்தான். வழக்கமா வினாடிக்கு 490 தடவை வெட்டும். அதனால் மெதுவா ஓடும்போது மோட்டார் 'ஈஈ'ன்னு பாடும். வாப்-4-க்கு அது ஒட்டாது, அதனால் வெட்டற வேகத்தை 31,000-க்கு மேல ஏத்தி நம்ம காதுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிட்டேன். ஆனா 'அ' பிரிவில் வாப்-7 செய்யற நண்பனுக்கு அந்த 'ஈஈ'தான் வேணும். ஏன்னா வாப்-7 மூணு கட்ட மோட்டார் இஞ்சின், அதுக்குள்ளேயும் குறைகடத்தி சுவிட்சுகள் மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் கொடுக்குது. கிளம்பும்போது அது பாடற பாட்டுக்குக் காரணம் அதே வெட்டுதான். அவன் ஸ்பீக்கரே இல்லாம, வேகத்துக்கு ஏத்த மாதிரி வெட்டற எண்ணிக்கையை மாத்தி மோட்டாரையே பாட வெச்சிருக்கான். என்னோடது நடிப்பு, அவனோடது நிஜம்னு எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆஸ்திரியாவில் டாரஸ்னு ஒரு சீமென்ஸ் இஞ்சின் இருக்கு, கிளம்பும்போது ஸ்வர வரிசையே பாடும். ஜப்பானில் தோக்கியோ பக்கம் கெய்க்யூ கம்பெனி ரயில்களும் அப்படிப் பாடிக்கிட்டு இருந்துச்சு. 2021-ல் கடைசிப் பாட்டு ரயிலையும் மாத்திட்டாங்க. அந்தச் சத்தத்துக்காகவே ஜனங்க டேப் எடுத்துக்கிட்டுப் போவாங்களாம்.

சரி, அப்புச்சிகிட்ட வரேன். எல்லாம் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் இஞ்சினைத் திண்ணையில் வெச்சேன். ஒண்ணும் சொல்லலை. அவர் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். பின்னாலிருந்து பொத்தானை அமுக்கினேன். பேன்ட்டோ ஏறின 'புஸ்' அவருக்குக் கேட்கலை, அது கூர்மையான சத்தம். டி.ஜே. 'டம்' விழுந்ததும் பேப்பர் கீழே இறங்குச்சு. ஆர்னோ எழும்பினப்போ தலை ஒரு பக்கமா சாய்ஞ்சுது. முதல் புளோயர், இரண்டாவது புளோயர், மூணாவது புளோயர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விரலை மடக்கினார்.

"இன்னைக்கு யாரு கண்ணு அசிஸ்டண்டு?"ன்னு கேட்டார்.

"நான்தானுங் அப்புச்சி."

கையை இஞ்சின் மேல வெச்சுக்கிட்டு, மறு கையால் குமிழைத் திருகினார். டக். டக். டக். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, முன்னாடி மீட்டர் இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டு ஏத்தினார். காதால் கேட்டாரா, உள்ளங்கையால் கேட்டாரான்னு எனக்குத் தெரியலை. ராத்திரி சாப்பிடும்போது எழுந்து போகலை. ஜோலார்பேட்டைப் பக்கம் மழை நேரத்தில் சரக்கு வண்டி இழுத்த கதையை எங்க எல்லாருக்கும் சொன்னார். அம்மா குழம்பு ஊத்தறதை மறந்துட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

மறுநாள் காலையில் ஒரு புது வேலை கொடுத்துட்டார். "எல்லாஞ்செரி கண்ணு, நியூட்ரல் செக்சன் எங்க?" பக்கத்துப் பக்கத்து மின் நிலையங்கள் வேறு வேறு கட்டத்திலிருந்து மின்சாரம் கொடுக்கும், இரண்டும் சேரக் கூடாதுன்னு நடுவில் கொஞ்ச தூரம் கம்பியில் மின்சாரமே இருக்காது. அங்கே வந்ததும் டிரைவர் டி.ஜே.-யைத் திறந்துடணும். அத்தனை புளோயரும் ஆர்னோவும் இறங்கி அடங்க, வண்டி வந்த வேகத்திலேயே உருளும். அந்தப் பக்கம் போனதும் மறுபடி 'டம்', மறுபடி எல்லாம் வரிசையா எழும்பும். தண்டவாளத்துக்கு நடுவில் இரண்டு காந்தம், இஞ்சினின் அடியில் ஒரு ரீட் சுவிட்ச் வெச்சா இதைச் செய்துடலாம்னு நினைக்கிறேன். புளோயர் அடங்கற சத்தம் மட்டும் இன்னும் சரியா பதிவாகலை. அதுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜங்ஷன் போகணும். வரவங்க பத்து ரூபாய் எடுத்துக்கிட்டு வாங்க.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு